இடம் விட்டு எழுதும் வாக்கியம்: இணைய அறிவிப்புகளில் ஆங்கில இலக்கணம்

இணையக் கடையில் ஒரே ஒரு சட்டையைக் கூடையில் போட்டவருக்குத் திரையின் மூலையில் ‘1 ஐட்டம்ஸ் இன் யுவர் கார்ட்’ என்று வருகிறது. வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவருக்கு ‘யூ ஹேவ் 1 அன்ரீட் மெசேஜஸ்’ என்று வருகிறது. சந்தா நாளை முடியப்போகிறவருக்கு ‘யுவர் பிளான் எக்ஸ்பயர்ஸ் இன் 1 டேஸ்’ என்று வருகிறது. ஒன்றுக்குப் பன்மை கிடையாது என்பது ஆங்கில வகுப்பின் முதல் பாடங்களில் ஒன்று. இவ்வளவு எளிய பாடத்தில், நன்கு படித்தவர்கள் கட்டிய தளங்கள் ஏன் ஓயாமல் தவறுகின்றன?

எழுதியவருக்கு ஆங்கிலம் போதவில்லை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் கட்டிய தளங்களிலும் இதே பிழை நெடுங்காலமாக இருக்கிறது. பயனர் திரையில் காணும் அந்த வாக்கியத்தை முழுதாக எவரும் எழுதவே இல்லை என்பதுதான் உண்மைக் காரணம். நிரலர் நடுவே இடம் விட்டு வாக்கியத்தை எழுதுகிறார். எண்ணோ பெயரோ பொருளோ தேதியோ பிறகு வந்து அந்த இடத்தில் உட்காருகிறது. ஆங்கில இலக்கணமோ, அங்கே வந்து உட்காருவது எது என்று பார்த்துத்தான் அக்கம்பக்கத்துச் சொற்களின் வடிவத்தை முடிவு செய்கிறது. வாக்கியத்தின் பாதி நிரலிலும் மீதி தரவுத்தளத்திலும் கிடக்கையில் பிழை திருத்துபவரின் கண்ணுக்கு எதுவும் தப்பாகத் தெரியாது. ஆகவே குறுஞ்செய்தி போன்ற இச்சிறு அறிவிப்புகளில் இலக்கணத்தைக் காப்பது வடிவமைப்பு வேலை. வாக்கியத்தைத் திட்டமிடும்போதே அதைச் செய்தாக வேண்டும்.

ஒருமையும் பன்மையும்

எண்ணிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்தில் ஒன்று என்றால் ஒருமை, மற்றதெல்லாம் பன்மை. அந்த ‘மற்றதெல்லாம்’ என்பதற்குள் பூஜ்யமும் அடங்கும். ‘0 மெசேஜஸ்’ என்பதே சரி. பின்னமும் அடங்கும்; ‘1.5 ஹவர்ஸ்’ என்றே எழுத வேண்டும். நிரலில் இதைச் சோதிக்கும் வரி, ‘எண் ஒன்றைவிடப் பெரியதா?’ என்று கேட்டால் பூஜ்யத்துக்கு ‘0 மெசேஜ்’ என்று ஒருமை வந்துவிடும். ‘எண் ஒன்றுக்குச் சமமா?’ என்று கேட்டால்தான் விடை சரியாக அமையும். நிரலில் ஒரேயொரு குறி மாறியதால் இலக்கணம் பிழையாகிப்போகும் இடம் இது.

இந்தச் சோதனையைச் செய்யச் சோம்பல்பட்டவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி, பெயர்ச்சொல்லின் வாலில் ‘எஸ்’ எழுத்தை அடைப்புக்குறிக்குள் போடுவது. எந்த எண் வந்தாலும் ஏதோ ஒரு வகையில் பொருந்தும் என்பது கணக்கு. ஆனால் ஆங்கிலப் பன்மை எப்போதும் ஓர் எஸ்ஸோடு முடிந்துவிடுவதில்லை. ‘என்ட்ரி’ பன்மையாகும்போது கடைசி எழுத்தே மாறுகிறது. ‘சைல்ட்’ என்பது ‘சில்ட்ரன்’ ஆகிறது. வினையும் சேர்ந்து மாறுகிறது: ஒரு கோப்பு அழிந்தால் ‘வாஸ் டெலீட்டட்’, மூன்று கோப்புகள் அழிந்தால் ‘வேர் டெலீட்டட்’. பெயருக்கு அடைப்புக்குறி போட்டவர் வினைக்கு என்ன செய்வார்? மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகிய இரு நிறுவனங்களின் நடைக் கையேடுகளும் இந்த அடைப்புக்குறிப் பன்மையைத் தவிர்க்கச் சொல்கின்றன.

பார்வையற்ற பயனர்களுக்கு இது கூடுதல் தொல்லை. 2018 ஜூனில் வெளிவந்த இணைய உள்ளடக்க அணுகுதன்மை வழிகாட்டுதல்களின் 2.1 பதிப்பு, திரையில் தோன்றும் நிலை அறிவிப்புகளைத் திரைவாசிப்பான் தானே படித்துச் சொல்லும்படி அமைக்க வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்தது. பயனர் கர்சரை அங்கே கொண்டுபோகாமலேயே அறிவிப்பு அவர் காதுக்கு வந்துவிட வேண்டும். அப்படி வரும் வாக்கியத்தில் அடைப்புக்குறி இருந்தால், சில அமைப்புகளில் திரைவாசிப்பான் அந்தக் குறிகளையும் சேர்த்தே படிக்கும். கண்ணால் பார்ப்பவர் தாண்டிப் போகும் சிறு உறுத்தல், காதால் கேட்பவருக்கு வாக்கியத்தையே உடைத்துவிடுகிறது.

தீர்வு புதிதல்ல. ஜாவா மொழியின் ஆவணங்களிலேயே ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. வட்டில் எத்தனை கோப்புகள் இருக்கின்றன என்று சொல்லும் வாக்கியத்துக்கு அது மூன்று வடிவங்களைத் தருகிறது: எதுவும் இல்லாதபோது ஒன்று, ஒன்று மட்டும் இருக்கும்போது ஒன்று, பல இருக்கும்போது ஒன்று. வினையும் பெயரும் சேர்ந்தே மாறுகின்றன. எண்ணை மட்டும் மாற்றாமல் நிலைமைக்கு ஏற்ப வாக்கியப் பகுதியையே மாற்றுவதுதான் அதன் உயிர்.

இதிலும் ஒரு விலக்கு உண்டு. பணத்தொகையை ஆங்கிலம் ஒரே தொகையாக, ஒருமையாகக் கொள்கிறது. 500 ரூபாய் கணக்கிலிருந்து போனால் ‘ஹாஸ் பீன் டெபிட்டட்’ என்று ஒருமை வினை வருவதே சீரான வழக்கு. ஒன்றுக்கு மேல் என்றால் பன்மை என்று இயந்திரத்தனமாக விதியெழுதிய நிரல் இங்கே ‘ஹேவ்’ போட்டுவிடும். எண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது; அது எதை எண்ணுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

1999-இல் சொல்லப்பட்ட ஒரு கதை

இந்தச் சிக்கலை மிகத் தெளிவாக விளக்கிய எழுத்துகளில் ஒன்று, 1999-இல் ‘தி பெர்ல் ஜர்னல்’ இதழில் ஷான் பர்க், ஜோர்டன் லாக்லர் ஆகிய இருவரும் எழுதிய கட்டுரை. ஒரு நிரல் தன் வேலை முடிந்ததும் எத்தனை கோப்பகங்களை அலசியது என்று ஒரு வரியில் சொல்கிறது. ஒரு கோப்பகத்தை மட்டும் அலசிய நாளில் ‘1 டைரக்டரீஸ்’ என்று வருகிறது. நிரலர் அதைக் கவனித்து, ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரு சோதனை வைத்துச் சொல்லை மாற்றுகிறார். ஆங்கிலம் சரியாகிவிட்டது. வேலை முடிந்தது என்று நினைக்கிறார்.

பிறகு அந்த நிரல் பிற மொழிகளுக்குப் போகிறது. சீன மொழிபெயர்ப்பாளர், இரண்டு எண்கள் வரும் இன்னொரு வாக்கியத்தில் அவை தம் மொழியில் இடம் மாறி வரவேண்டும் என்கிறார். அரபு மொழிபெயர்ப்பாளர், தம் மொழியில் ஒருமை, இருமை, பன்மை என்று வடிவங்கள் வேறு என்கிறார். ரஷ்ய மொழிக்குப் போனால் எண்ணுக்கேற்பப் பெயர்ச்சொல்லின் வேற்றுமையே மாறுகிறது. ஆங்கிலத்துக்காகப் போட்ட ஒட்டு ஒவ்வொரு மொழியிலும் பிரிந்துபோகிறது. துண்டுகளை ஒட்டி வாக்கியம் செய்வதே தவறு. முழு வாக்கியத்தையும் அந்தந்த மொழிக்காரர் கையில் கொடுக்க வேண்டும் என்பதுதான் கட்டுரையாளர்கள் வந்தடைந்த முடிவு.

இன்று அந்த அறிவு பொதுச்சொத்தாகிவிட்டது. யூனிகோட் கூட்டமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் என்னும் மொழித் தரவுக் களஞ்சியம், உலக மொழிகளின் எண் வடிவங்களை ஆறு வகைகளுக்குள் அடக்குகிறது. ஜப்பானிய மொழிக்கு ஒரு வகை போதும். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இரண்டு. அரபிக்கு ஆறும் வேண்டும். ரஷ்ய மொழியில் 1, 21, 31 ஆகியவை ஒரு வடிவத்தையும், 2 முதல் 4 வரை இன்னொரு வடிவத்தையும், 5 முதல் 20 வரை வேறொரு வடிவத்தையும் பெறுகின்றன. ஆங்கிலத்தில் வரிசை எண்களுக்கு மட்டும் நான்கு வகை: ‘ஃபர்ஸ்ட்’, ‘செகண்ட்’, ‘தேர்ட்’, பிறகு மற்றவை. கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்து விதியெழுதியவர் 11, 12, 13 ஆகியவற்றில் தடுக்கி விழுவார். அவை மூன்றும் ‘மற்றவை’ வகையைச் சேர்ந்தவை. 21 மறுபடியும் முதல் வகைக்கே போகிறது. இந்த விதிகளெல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கும் நூலகங்களில் உள்ளன. யாரும் முதலிலிருந்து எழுதத் தேவையில்லை.

எண் மாறினால் ஆர்ட்டிகிளும் மாறும்

பன்மையைக் கவனிப்பவர்கள்கூடத் தவறவிடும் இடம் ஆர்ட்டிகிள். தள்ளுபடி அறிவிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘யூ ஹேவ் வன் எ 10% டிஸ்கவுண்ட்’ என்று எழுதி, பத்து இருக்கும் இடத்தைக் காலியாக விடுகிறார் நிரலர். சோதித்துப் பார்த்தபோது 10, 15, 20 எல்லாம் சரியாகவே வந்தன. அடுத்த மாதம் தள்ளுபடி 8 சதவீதம் ஆகிறது. எட்டின் ஆங்கில ஒலி உயிரொலியில் தொடங்குவதால் ‘எ’ அங்கே நிற்க முடியாது, ‘ஆன்’ வரவேண்டும். 11, 18, 80 முதல் 89 வரையான எண்கள் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். எழுத்தை வைத்து விதியெழுதினாலும் தப்பும். ‘ஹவர்’ மெய்யெழுத்தில் தொடங்கினாலும் ‘ஆன்’ பெறுகிறது. ‘யூனிட்’ உயிரெழுத்தில் தொடங்கினாலும் ‘எ’ பெறுகிறது. ஒலிதான் இங்கே அளவுகோல். கணினி பார்ப்பதோ எழுத்தை.

ஒவ்வோர் எண்ணுக்கும் விதியெழுதுவதைவிட வாக்கியத்தைத் திருப்பிப்போடுவது மேல். ‘யுவர் டிஸ்கவுண்ட் இஸ் 8%’ என்று எழுதினால் ஆர்ட்டிகிளே தேவைப்படாது. எந்த எண் வந்தாலும் வாக்கியம் நிற்கும். நல்ல அறிவிப்பு எழுத்தாளரின் திறமை பெரும்பாலும் இப்படிப்பட்டது. மாறும் சொல்லை, அது வேறெந்தச் சொல்லையும் தொந்தரவு செய்யாத இடத்தில் அவர் வைக்கிறார்.

வினையிலும் இதே உத்தி உதவும். ஒருவர் படத்தை விரும்பினால் நிகழ்காலத்தில் ‘லைக்ஸ்’, இருவர் விரும்பினால் ‘லைக்’, பயனரே விரும்பினால் ‘யூ லைக்’. இறந்தகாலத்துக்கு மாற்றிவிட்டால் ‘லைக்ட்’ என்ற ஒரே வடிவம் மூன்றுக்கும் பொருந்துகிறது. எழுவாயின் எண்ணும் இடமும் அங்கே வினையை மாற்றுவதில்லை.

பெயருக்குப் பின்னால் வரும் பாலினச் சிக்கலுக்கு நாடறிந்த சான்று ஃபேஸ்புக். பாலினத்தைக் குறிப்பிடாத பயனர் ஒருவர் தம் படத்தை மாற்றினால், ‘தெயர்’ என்ற பன்மைச் சுட்டுப்பெயரோடு, சில இடங்களில் ‘தெம்செல்ஃப்’ என்ற வடிவத்தோடும், அறிவிப்பு வெளியானது. பிற மொழிகளுக்குப் பெயர்த்தபோது பலருக்குத் தவறான பாலினமே ஒட்டிக்கொண்டது. 2008 ஜூனில் அந்நிறுவனம், இந்தக் குழப்பத்தைக் காரணம் காட்டி, எந்தச் சுட்டுப்பெயரால் தம்மைக் குறிக்கலாம் என்று பயனர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. 2014-இல் ‘தே’ என்பதையும் ஒருவர் தம் விருப்பச் சுட்டுப்பெயராகக் கொள்ளலாம் என்று வழி திறந்தது. ஒருவரைக் குறிக்கும் ‘தே’ ஆங்கிலத்தில் 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே வழங்குவது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடு 2019-இல் அதை ஏற்றது. அதே ஆண்டு மெரியம் வெப்ஸ்டர் அகராதி அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. ஆகவே பாலினம் தெரியாதபோது ‘தெயர்’ எழுதுவது இன்று பிழையாகாது. தெரியாததை ஊகித்து ‘ஹிஸ்’ என்று எழுதுவதுதான் பிழை.

காலம் காட்டும் வினை

பணம் பற்றிய அறிவிப்பில் காலப்பிழை உண்மையான இழப்பைக் கொண்டுவரும். இந்திய வங்கிச் செய்திகளில் ‘யுவர் அக்கவுண்ட் இஸ் டெபிட்டட்’ என்ற அமைப்பு பரவலாக இருக்கிறது. பணம் ஏற்கெனவே போய்விட்டது என்பதை ஆங்கிலத்தில் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. தேதி சொல்லாவிட்டால் ‘ஹாஸ் பீன் டெபிட்டட்’. தேதி சொன்னால் ‘வாஸ் டெபிட்டட்’. முடிந்துபோன ஒரு நாளையோ நேரத்தையோ குறித்துவிட்டால் ‘ஹாஸ் பீன்’ அங்கே ஒட்டாது. வார்ப்புருவில் தேதிக்கென ஓர் இடம் இருந்தால் வினை எந்தக் காலத்தில் வரவேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. தேதியைப் பின்னால் சேர்த்தவர், முன்னே உள்ள வினையைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

கட்டணம் செலுத்தும் பக்கத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. ‘பேமென்ட் இஸ் பீயிங் ப்ராசஸ்ட்’ என்றால் வேலை நடந்துகொண்டிருக்கிறது, காத்திருங்கள் என்று பொருள். ‘பேமென்ட் வாஸ் நாட் கம்ப்ளீட்டட்’ என்றால் முடிந்துபோன தோல்வி, மறுபடி முயலலாம். நடந்துகொண்டிருப்பதை முடிந்ததாகச் சொன்னால் பயனர் இரண்டாம் முறை பணம் கட்டுவார். முடிந்ததை நடந்துகொண்டிருப்பதாகச் சொன்னால் ரயில் டிக்கெட் கைவிட்டுப் போகும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கேள்வியும் பொத்தானும் சேர்ந்தே ஒரு வாக்கியம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ‘டூ யூ வான்ட் டு கேன்சல் திஸ் ஆர்டர்?’ என்று கேட்டுவிட்டு, கீழே ‘ஓகே’, ‘கேன்சல்’ என்று இரண்டு பொத்தான்கள் வைத்தால், ஆர்டரை ரத்துசெய்ய எதை அழுத்துவது? கேள்வியின் வினையே பொத்தானில் முழுதாக வரவேண்டும்: ‘கேன்சல் ஆர்டர்’, ‘கீப் ஆர்டர்’. இரட்டை எதிர்மறையால் பயனரைக் குழப்பி ஒப்புதல் வாங்கும் கேள்விகளும் புழக்கத்தில் உண்டு. 2023 நவம்பர் 30 அன்று இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிடுகின்றன. வேண்டுமென்றே குழப்பும் மொழியில் கேட்கப்படும் கேள்வி அவற்றுள் ஒன்று. வாக்கிய அமைப்பு நுகர்வோர் உரிமையோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதை இதன்மூலம் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பதிவுசெய்த பிழை

இணையத்தளம் காட்டும் அறிவிப்பு பெரும்பாலும் கைபேசிக்கும் குறுஞ்செய்தியாகப் போகிறது. இந்தியாவில் வணிகக் குறுஞ்செய்திகளுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் பொருந்தும். அவற்றின்படி நிறுவனம் தன் செய்தியின் வார்ப்புருவை முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். மாறாத சொற்கள் ஒருபுறம், மாறும் இடங்கள் மறுபுறம் என்று அது பிரிந்திருக்கும். அனுப்பும் செய்தி பதிவிலுள்ள வடிவத்தோடு ஒத்துப்போகாவிட்டால் தடுக்கப்படும். 2021 மார்ச் 8 அன்று இந்தச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தபோது, ஒருமுறைக் கடவுச்சொற்கள் வந்துசேராமல் வங்கிப் பரிமாற்றங்கள் நாடு முழுவதும் தடைபட்டன. டிராய் அதை ஏழு நாட்களுக்கு நிறுத்திவைத்தது.

இந்த ஏற்பாட்டில் இலக்கணத்துக்கு ஒரு பாடம் இருக்கிறது. ‘எக்ஸ்பயர்ஸ் இன்’ என்பதற்குப் பின் எண்ணுக்கு இடம் விட்டு, ‘டேஸ்’ என்பதை மாறாத சொல்லாகப் பதிவுசெய்துவிட்டால், ஒருநாள் மீதமுள்ள எல்லோருக்கும் அந்தப் பிழை போய்க்கொண்டேயிருக்கும். நிரலில் திருத்தினால் செய்தி தடுக்கப்படும். வார்ப்புருவை மறுபடி பதிவுசெய்தாக வேண்டும். ‘எக்ஸ்பயரி டேட்’ என்று தேதியைப் போடும்படி முதலிலேயே எழுதியிருந்தால் ஒருமை பன்மைக் கேள்வியே எழுந்திருக்காது.

பிழையான ஆங்கிலம் மோசடிச் செய்தியின் அடையாளம் என்று பாதுகாப்பு அறிவுரைகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. இன்று மோசடிக்காரர்களும் கணினியைக் கொண்டு பிசிறில்லாத ஆங்கிலம் எழுதிக்கொள்ள முடியும் என்பதால் அந்த அடையாளம் தேய்ந்துவிட்டது. ஆனால் அதைத் தேய்த்ததில் உண்மையான நிறுவனங்களுக்கும் பங்குண்டு. அவை அனுப்பும் செய்தியே பிழையோடு வந்துகொண்டிருந்தால், பிழையைப் பார்த்து எச்சரிக்கையடையும் பழக்கம் மக்களுக்கு எப்படி வரும்?

தமிழுக்கு வரும்போது

ஆங்கில வாக்கியத்தைத் துண்டுகளாகக் கட்டியதன் விளைவு தமிழ் இடைமுகத்தில் பளிச்சென்று தெரியும். ஊர்ப்பெயருக்கு இடம் விட்டு, அதன்பின் ‘இல்’ என்ற உருபை ஒட்டினால் ‘சென்னைஇல்’, ‘கும்பகோணம்இல்’ என்றுதான் வரும். சென்னையில், கும்பகோணத்தில், கடலூரில் என்று ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு விதமாகப் புணர்கிறது. பெயர்களோடு ‘க்கு’ சேர்த்தால் ‘குமார்க்கு’, ‘கமலாக்கு’ என்று நிற்கும். குமாருக்கு, கமலாவுக்கு என்றிருக்க வேண்டியவை அவை. ‘1 புதிய செய்திகள் வந்துள்ளன’ என்பதும் ஆங்கிலப் பிழையின் நேர்ப் பதிவுதான். எண், பெயர், வினைமுற்று மூன்றும் இயைந்து ‘1 புதிய செய்தி வந்துள்ளது’ என்று மாற வேண்டும்.

இங்கும் தீர்வு முழு வாக்கியத்தைத் திட்டமிடுவதே. ‘இடம்: கும்பகோணம்’, ‘பெறுநர்: கமலா’ என்று எழுதினால் உருபு தேவைப்படாது, புணர்ச்சிப் பிழை நுழைய வழியும் இல்லை. பாலினம் தெரியாதபோது ஆங்கிலம் ‘தே’ என்பதை நாடுகிறது. தமிழுக்கு ‘விரும்பினார்’ என்னும் ஆர் ஈற்று மரியாதை வினை இயல்பாகவே கைகொடுக்கிறது. இரு மொழிகளின் சிக்கல்களும் வேறு. ஆனால் மாறும் சொல்லுக்கு அண்டையில் மாறாத சொல்லை அவசரமாக ஒட்டக்கூடாது என்ற விதி இரண்டுக்கும் பொது.

செய்ய வேண்டியவை

ஒவ்வோர் அறிவிப்பையும் வெளியிடும் முன் 0, 1, 2, 8, 11, 18, 21, 1.5 ஆகிய எண்களைப் போட்டுத் திரையில் வரும் வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால், இங்கே சொன்ன எண் சார்ந்த பிழைகள் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். நீண்ட பெயர், ஒரே எழுத்துப் பெயர், காலியான பெயர் ஆகியவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். வாக்கியங்களை நிரலுக்குள் சிதறவிடாமல் ஒரே கோப்பில் திரட்டி வைத்தால், மொழி தெரிந்த ஒருவர் ஒரே அமர்வில் அனைத்தையும் படிக்கலாம். ஒரு தளத்தில் ஒருபுறம் ‘லாக்டு அவுட்’, மறுபுறம் ‘சைன்டு அவுட்’ என்று ஒரே செயலுக்கு இரண்டு பெயர்கள் புழங்குவதும் அப்போது தெரிந்துவிடும்.

இந்தியாவின் மென்பொருள் நிறுவனங்களில் இவ்வாக்கியங்களை எழுதுவது யார் என்ற கேள்விக்குப் பல இடங்களில் விடையே இல்லை. வடிவமைப்பாளர் மாதிரிப் படத்தில் ஏதோ ஒன்றை எழுதுகிறார். நிரலர் அதை நிரலில் ஏற்றுகிறார். சோதிப்பவர் பொத்தான் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். வாக்கியத்துக்குப் பொறுப்பாளி இல்லை. ஒரு குழுவில் ஒருவரையாவது இதற்குப் பொறுப்பாக்குவது பெரிய செலவல்ல. பயனர் ஒரு நிறுவனத்தின் ஊழியரை நேரில் காண்பது அரிது. அந்நிறுவனம் அவரிடம் பேசுவதெல்லாம் இந்த ஒற்றை வரிகளின் வழியாகத்தான். பணம் போனதையும் வேலை கிடைத்ததையும் மருத்துவப் பரிசோதனை முடிவு வந்ததையும் அவர் அவற்றிலிருந்தே அறிகிறார். அந்த வரி அவர் நிலைமைக்கென்றே முழுதாக எழுதப்பட்டதாக இருக்க வேண்டும் என்று கேட்பது அவருடைய நியாயமான உரிமை. அதை நிறைவேற்றும் கருவிகளும் அறிவும் ஏற்கெனவே நம் கையில் இருப்பதால், நிறைவேற்றாமல் இருக்கச் சொல்லத் தகுந்த சாக்கு எதுவும் மிச்சமில்லை.